தோண்டாமலே மண்ணுக்குள் இருப்பதை அறிய முடியுமா? தொல்லியலில் புவி இயற்பியல் அளவாய்வு

கேள்வி – ஆற்றங்கரை மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை வரலாறு படித்துவருகிறேன். ரோம் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள ஃபலேரி நோவி என்னும் பண்டைய நகரத்தின் அமைப்பை, ஒரு கூடை மண்கூட அள்ளாமல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முழுமையாக வரைந்து 2020இல் வெளியிட்டதை அண்மையில் அறிந்தேன். தரை ஊடுருவும் ரேடார் கருவிகளை ஒரு சிறு மோட்டார் வண்டியின் பின்னால் இழுத்துச் சென்று, மதிலுக்கு உட்பட்ட 30.5 ஹெக்டேர் நிலத்தையும் 12.5 செ.மீ.க்கு ஓர் அளவீடு என்ற நெருக்கத்தில் அளந்திருக்கிறார்கள். குளியல் கூடம், சந்தை, கோயில், மனைகளுக்கு அடியில் ஓடும் நீர்க்குழாய்கள் என ஒரு நகரமே படத்தில் தெரிகிறது.

எங்கள் ஊருக்கு அருகே, வைகையின் கீழ்ப்பகுதியில், தென்னந்தோப்பை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது. உழும்போதெல்லாம் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும் செங்கல் துண்டுகளும் மேலே வருகின்றன. அந்த மேட்டைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்புகிறேன். அகழாய்வு செய்யும் உரிமமோ வசதியோ ஒரு மாணவனுக்குக் கிடைக்கப் போவதில்லை என்பதால், கருவிகளைக் கொண்டு மட்டும் எவ்வளவு தூரம் போக முடியும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். படத்தில் சுவர் போலத் தெரிந்தால் அது சுவர்தான் என்று எழுதிவிடலாமா? காந்தமானி, மின்தடை அளவாய்வு, ரேடார் ஆகிய மூன்றில் எது எங்கள் மண்ணுக்கு ஏற்றது? ஐரோப்பாவில் கிடைத்த தெளிவு இங்கே கிடைக்காவிட்டால் அதற்குக் காரணம் கருவியா, மண்ணா, அல்லது ஆய்வாளரின் பயிற்சிக் குறைவா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 – மண்ணடுக்கு

தம்பி, உங்களுடைய முதல் கேள்விக்கு ‘எழுதிவிட முடியாது’ என்பதே பதில். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அதிலிருந்துதான் பிறக்கும் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

இந்தக் கருவிகளில் எதுவும் சுவரைப் பார்ப்பதில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பொருள்களுக்கு இடையிலான இயற்பியல் வேறுபாட்டையே பார்க்கின்றன. மின்தடை அளவாய்வு, ஈரத்தைத் தக்கவைத்திருக்கும் மண்ணுக்கும் ஈரம் ஏற்காத கல்லுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறது. 1946இல் இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரை டார்செஸ்டரில் ரிச்சர்ட் அட்கின்சன் இதனைத் தொல்லியலுக்குப் பயன்படுத்தியபோது அவர் தேடியது கட்டடங்களை அல்ல. சரளைப் படுகையில் வெட்டப்பட்டுப் பின்னர் மண்ணால் நிரம்பிப்போன பள்ளங்களையே தேடினார். அந்தப் பள்ளங்களில் தங்கிய ஈரமே அவருக்கு வழிகாட்டியது. அதே பள்ளத்தை வேறொரு பருவத்தில் அளந்தால் வேறுபாடு மங்கிப்போகலாம், சில வேளைகளில் தலைகீழாகவும் மாறலாம்.

காந்தமானியின் கதையும் இத்தகையதே. 1958இல் மார்ட்டின் எய்ட்கென் பீட்டர்பரோவுக்கு அருகே வாட்டர் நியூட்டனில், சாலைப் பணியால் அழிய இருந்த நிலத்தில், புரோட்டான் காந்தமானியைக் கொண்டு ரோமானியர் காலப் பானைச் சூளைகளைக் கண்டறிந்தார். சூளையின் களிமண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடுகள் மிகையாகச் சூடேறி ஆறும்போது, அன்றைய புவிக்காந்தப் புலத்தின் திசையைத் தமக்குள் பதித்துக்கொள்கின்றன. மேக்னடைட் என்னும் கனிமத்துக்கு இதற்கான எல்லை வெப்பநிலை ஏறத்தாழ 580 டிகிரி செல்சியஸ். சுடப்படாத மண்ணிலும் வேறுபாடு உண்டு. மேல்மண்ணின் காந்த ஏற்புத்திறன் (காந்தப் புலத்தில் காந்தமேறும் தன்மை) அடிமண்ணைவிட மிகுந்திருக்கும் என்பதை ஃபிரான்சைச் சேர்ந்த லெ போர்ன் 1955இல் எடுத்துக்காட்டினார். மனிதர் வாழ்ந்து, நெருப்பு மூட்டி, குப்பை கொட்டிய இடங்களில் அது மேலும் கூடும். அந்த மேல்மண் ஒரு பழைய குழிக்குள் சரிந்து நிரம்பினால், குழி காந்தமானியில் தெரியும். அதாவது சுவரைவிட, சுவர் எழுப்ப வெட்டிய பள்ளம் தெளிவாகத் தெரிவது அரிதன்று.

படத்தை நம்பிப் பெயர் சூட்டிய பெரியவர்களுக்கு நேர்ந்ததை அறிந்துகொண்டால் நீங்கள் எச்சரிக்கையாக இருப்பீர்கள். துருக்கியில் டிராய் நகரக் கோட்டைக்குத் தெற்கே, கீழ்நகரப் பகுதியில், 1992இல் நடந்த காந்த அளவாய்வு ஒரு நீண்ட வளைந்த கோட்டைக் காட்டியது. எரிந்துபோன பச்சைச் செங்கல் மதில் என்று அதனை முதலில் விளக்கினார்கள். மறு ஆண்டு தோண்டிப் பார்த்தபோது அங்கே இருந்தது மதில் அன்று. அடிப்பாறையில் வெட்டப்பட்ட அகழி. அளவீட்டில் பிழை எதுவும் இல்லை, கோடு அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் மேலே எழுந்து நின்ற ஒன்றாகக் கருதப்பட்டது கீழே குடையப்பட்ட ஒன்றாக முடிந்தது.

இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்கு அருகே, மண்கரை சூழ்ந்த பழங்கால இடமான டரிங்டன் வால்ஸ் இதைவிடப் பெரிய பாடம். 2015இல், மண்கரைக்கு அடியில் தொண்ணூறு வரையிலான பெருங்கற்கள் சாய்த்துப் புதைக்கப்பட்டிருக்கலாம் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. 2016இல் அவற்றுள் சிலவற்றின் இடத்தில் தோண்டினார்கள். ஒரு கல்லும் கிடைக்கவில்லை. பெரிய மரத்தூண்களை நட்டுப் பின்னர் பிடுங்கி எடுத்து, சுண்ணப்பாறைத் துண்டுகளைக் கொட்டி மூடிய குழிகளே கிடைத்தன. ரேடார் அலையைத் திருப்பி அனுப்பியது அந்தச் சுண்ணப்பாறை நிரப்பு. என்னைக் கேட்டால் இந்த முடிவு கற்களைவிடச் சுவையானது. ஒரு வட்டத்தைத் திட்டமிட்டுத் தூண்களை நட்டவர்கள் ஏன் மனத்தை மாற்றிக்கொண்டார்கள் என்ற கேள்வியை அது எழுப்புகிறது. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பியது மண்வெட்டி.

ஆகவே உங்கள் ஆய்வேட்டில் ‘சுவர்’ என்று எழுதாதீர்கள்; ‘கிழக்கு மேற்காக 14 மீட்டர் நீளும் உயர் மின்தடைப் பிறழ்வு; செங்கல் கட்டுமானமாக இருக்கக்கூடும்’ என்பது போல எழுதுங்கள். பிறழ்வு என்பது சுற்றியுள்ள மண்ணிலிருந்து மாறுபட்டு வரும் அளவு. அளவீடு ஒரு வாக்கியம், விளக்கம் மற்றொரு வாக்கியம். இரண்டையும் கலந்துவிட்டால், பின்னால் வருபவர் எதை ஏற்பது எதை மறுப்பது என்று அறிய முடியாது.

பதில் 2 – அலைநீளம்

மேலே எழுதியவர் சொன்னவை உண்மையே. ஆனால் பிழைபட்ட விளக்கங்களை மட்டும் வரிசைப்படுத்தினால், தொடக்கநிலை மாணவர் ஒருவர் இம்முறைகளே ஐயத்துக்குரியவை என்று எண்ணிவிடக்கூடும். நார்வேயின் யெல்லஸ்டாட்டில் 2018இல் ரேடார் படத்தில் கப்பல் வடிவம் தெரிந்தது. பின்னர் தோண்டியபோது வைக்கிங் காலக் கப்பலின் எச்சமே கிடைத்தது. ஆஸ்திரியாவின் கார்நுண்டத்தில் வாள்வீரர் பயிற்சிக்கூடம் ஒன்றின் அறைகளும் நடுவிலிருந்த வட்டப் பயிற்சிக்களமும் 2011இல் அறிவிக்கப்பட்டன. வடிவம் தானே பேசும் இடங்களில் விளக்கம் எளிது. வரிசையாக அமைந்த புள்ளிகளுக்குப் பொருள் கூறும்போதுதான் தடுமாற்றம் வருகிறது.

ஃபலேரி நோவி ஏன் அவ்வளவு தெளிவாக வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நகரம் கைவிடப்பட்ட பின் அதன்மேல் புதிய நகரம் எழவில்லை. இன்று ஒரு பழைய தேவாலயத்தையும் சில பண்ணைக் கட்டடங்களையும் தவிர, மதிலுக்குள் இருப்பது பெரும்பாலும் திறந்த வயல்வெளி. வண்டியைத் தடையின்றி ஓட்ட முடிந்தது. கல் சுவர்களும் தளங்களும் ஆழமின்றி இருந்தன. அதே இடத்தில் 1990களிலேயே காந்த அளவாய்வு நடந்திருந்ததால், எங்கே என்ன எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும், திரட்டிய தரவுகளை ஒரு ஹெக்டேர் அளவுக்குக் கையால் விளக்கி வரைய ஏறத்தாழ இருபது மணி நேரம் ஆகும் என்று அந்த ஆய்வாளர்களே கூறினார்கள். படம் கருவியிலிருந்து அச்சாகி வெளியே வருவதில்லை.

வைகை வண்டலில் ரேடாரைப் பயன்படுத்த எண்ணினால் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். மின்கடத்தும் மண்ணில் ரேடார் அலை விரைவில் வலுவிழக்கும். ஈரமான களிமண்ணும் உப்பேறிய மண்ணும் இதற்கு எதிரிகள். கரிசல் மண் அதனினும் மோசம். 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா உலர்ந்த மணலில் இரண்டு மீட்டருக்கும் மேல் காட்டக்கூடும். ஈரக் களிமண்ணில் அரை மீட்டரைத் தாண்டினாலே நற்பேறு. எனவே மழை ஓய்ந்து நிலம் நன்றாகக் காய்ந்த கோடையில் ரேடாரைக் கொண்டுசெல்லுங்கள்.

இரண்டாவது, ஆழம். ரேடார் அளப்பது ஆழத்தை அல்ல, அலை சென்று திரும்பிய நேரத்தை. நேரத்தை ஆழமாக மாற்ற அலையின் வேகம் தெரிய வேண்டும். உலர்ந்த மணலில் அது நானோவினாடிக்குச் சுமார் 15 செ.மீ., ஈரக் களிமண்ணில் சுமார் 6 செ.மீ. இருபது நானோவினாடியில் திரும்பிய ஓர் எதிரொலி முதல் வகை மண்ணில் ஒன்றரை மீட்டர் ஆழத்தையும், இரண்டாம் வகையில் வெறும் 60 செ.மீ. ஆழத்தையும் குறிக்கும். ஓரத்தில் மீட்டர் அளவு அழகாக அச்சிட்ட படம் எதைக் கண்டாலும், அந்த வேகத்தை எப்படிப் பெற்றார்கள் என்று முதலில் கேளுங்கள்.

பதில் 3 – காந்த ஊசி

ஐரோப்பாவில் கிடைத்த தெளிவு இங்கே ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்விக்கு மண்ணை மட்டும் காரணமாகச் சொல்லி முடித்துவிடக் கூடாது. காந்தமானியைப் பொறுத்தவரை நாம் பூமியில் நிற்கும் இடமே ஒரு காரணம். நம் கருத்தரங்குகளில்கூட இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

புவிக்காந்தப் புலம் இங்கிலாந்தில் தரையை நோக்கிச் செங்குத்தாகப் பாயும் நிலைக்கு நெருக்கமாக உள்ளது; அங்கே காந்தச் சரிவு (புலம் கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம்) 65 டிகிரிக்கும் மேல். இந்தியாவின் தென்முனைக்கு அருகே காந்த நடுக்கோடு செல்வதால், தென் தமிழகத்தில் சரிவு ஒருசில டிகிரிகளே. புலம் ஏறக்குறைய கிடைமட்டமாக வடக்கு நோக்கி ஓடுகிறது. புலத்தின் வலிமையும் அங்கே 49,000 நானோடெஸ்லா என்றால் இங்கே 40,000 அளவில்தான். புதைந்த பொருளில் தூண்டப்படும் காந்தம் இந்தப் புலத்தையே சார்ந்தது என்பதால், ஒரே வகையான அடுப்புக்குழி இரண்டு நாடுகளில் இரண்டு விதமாகத் தோன்றும்.

இங்கிலாந்தில் குழிக்கு ஏறத்தாழ நேர் மேலே ஓர் உயர் பிறழ்வும், அதன் வடக்கே மெல்லிய தாழ்வும் வரும். வரைபடத்தில் கறுப்புப் புள்ளி எங்கே உள்ளதோ அங்கே தோண்டினால் போதும். நம்மூரில் மொத்தப் புலத்தை அளக்கும் சீசியம் காந்தமானியைக் கொண்டு நடந்தால், அதே குழிக்கு நேர் மேலே தாழ்வு வரும். வடக்கிலும் தெற்கிலும் சிறிய உயர்வுகள் வரும். செங்குத்துக் கூறினை மட்டும் அளக்கும் ஃபிளக்ஸ்கேட் கிரேடியோமீட்டரானால் தெற்கே உயர்வு, வடக்கே அதே அளவு தாழ்வு. பொருளுக்கு நேர் மேலே ஏறக்குறைய சுழியம். ஐரோப்பியக் கையேட்டைப் படித்துவிட்டு உயர்வு தெரியும் புள்ளியில் குழி போட்டால், பொருளை விட்டுத் தெற்கே தள்ளித் தோண்டிக்கொண்டிருப்போம்.

இதைவிட முக்கியமானது சுவர்களின் திசை. கிழக்கு மேற்காக ஓடும் சுவர், புலத்துக்குக் குறுக்கே கிடப்பதால் நன்றாகத் தெரியும். வடக்கு தெற்காக ஓடும் சுவர் தன் நீளவாக்கிலேயே காந்தமேறுவதால் இரு முனைகளில் மட்டும் பிறழ்வைக் காட்டும். நடுப்பகுதி ஏறத்தாழ மறைந்துபோகும். சுட்ட செங்கல்லில் சூளையில் பதிந்த எஞ்சு காந்தமும் இருக்கிறதே என்று கேட்கலாம். சுவர் கட்டும்போது ஒவ்வொரு செங்கல்லும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வைக்கப்படுவதால் அந்தத் திசைகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும். எஞ்சுவது ஒழுங்கான கோடு அன்று, சிதறிய புள்ளிகள். ஆகவே காந்தப் படத்தில் இணையான இரண்டு கோடுகள் மட்டும் தெரிந்தால், அது இரண்டு தனிச் சுவர்களாகவும் இருக்கலாம், நான்கு சுவர் கொண்ட அறையாகவும் இருக்கலாம்.

நாளின் நேரமும் இங்கே கணக்கில் வரும். காந்த நடுக்கோட்டின் மேல், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில், பகலில் வலிமையான மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பது இத்தகைய நிகழ்வுகளை ஆராய்வதற்காகவே. நண்பகலையொட்டி அந்த மின்னோட்டம் தரையிலுள்ள புலத்தைப் பல பத்து நானோடெஸ்லா முதல் நூறு வரை உயர்த்திவிடும். நாம் தேடும் குழியின் பிறழ்வோ சில நானோடெஸ்லா மட்டுமே. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உணரிகள் கொண்ட கிரேடியோமீட்டரில் இந்த ஏற்ற இறக்கம் இரண்டிலும் ஒரே அளவாகப் பதிவதால் கழிந்துபோகும். ஒற்றை உணரியுடன் போகிறவர்கள், அருகில் அசையாத நிலையம் ஒன்றை வைத்துத் திருத்தம் செய்யாமல் அளந்த படத்தை யாருக்கும் காட்டாமலிருப்பது நல்லது.

ஒப்பீட்டுக்கு ஃபலேரி நோவியைவிட, எகிப்தில் நைல் கழிமுகத்தின் கான்டீரைப் பாருங்கள். இரண்டாம் ராமெசஸின் தலைநகரான பி-ராமெசஸ் அங்கே விளைநிலங்களுக்கு அடியில் கிடக்கிறது. 1996 முதல் ஜெர்மானிய ஆய்வாளர்களான பெக்கரும் ஃபாஸ்பைண்டரும் சீசியம் காந்தமானியைக் கொண்டு, ஆற்று மண்ணில் புதைந்த பச்சைச் செங்கல் கட்டடங்களையும் தெருக்களையும் வரைந்தார்கள். வண்டல் நிலம், அதே வண்டலால் செய்த செங்கல், மேலே பயிர் என்று பார்த்தால் உங்கள் மேட்டுக்கு அதுவே நெருங்கிய உறவு. ஆனால் அங்கும் காந்தச் சரிவு 40 டிகிரிக்கு மேல் என்பதை மறக்கலாகாது.

கேட்டவர் – ஆற்றங்கரை மாணவன்

மூவருக்கும் நன்றி. திசை பற்றிய விளக்கம் நான் எந்த வகுப்பிலும் கேளாதது. கூடுதலாக ஒரு செய்தி: மேட்டின் வடபாதியில் தென்னை மரங்கள் நெருக்கமாக உள்ளன, ஓரத்தில் கம்பி வேலியும், ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் உள்ளன. தென்பாதி தரிசு. வாய்க்கால் வெட்டிய இடத்தில், மேட்டின் ஓரமாக ஒன்றரை மீட்டர் அளவுக்கு மண் அடுக்குகள் வெளியே தெரிகின்றன. அவற்றில் ஓரிடத்தில் உறைகிணற்றின் வளையம் போன்ற சுடுமண் துண்டும் உள்ளது. நில உரிமையாளர் அளப்பதற்குச் சம்மதித்துவிட்டார்.

பதில் 4 – மண்ணடுக்கு

அந்த வாய்க்கால் வெட்டுதான் உங்களுடைய பெரிய செல்வம். கருவி எதையும் வாடகைக்கு எடுப்பதற்கு முன் அங்கே செல்லுங்கள். தோண்ட வேண்டியதில்லை, வெளியே தெரியும் ஒவ்வொரு அடுக்கிலும் கையடக்கக் காந்த ஏற்புத்திறன் மானியை வைத்து அளவு எடுத்து, அடுக்கின் நிறம், ஈரம், மணலா களியா என்பதோடு குறித்துக்கொள்ளுங்கள். வாழ்விட அடுக்குக்கும் அதன் கீழுள்ள இயற்கை வண்டலுக்கும் வேறுபாடே இல்லையென்றால், காந்தமானியைக் கொண்டு எத்தனை நாள் நடந்தாலும் பயன் இருக்காது. வேறுபாடு இருந்தால், எவ்வளவு பெரிய பிறழ்வை எதிர்பார்க்கலாம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். அங்கே தெரியும் சுடுமண் துண்டைப் பிடுங்கி எடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே படமெடுத்து, இருப்பிடத்தைக் குறித்து, தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

வடபாதியில் காந்தமானியைக் கொண்டு அளக்க வேண்டாம். வேலியும் மோட்டாரும் பல மீட்டர் தொலைவுவரை அளவைக் கெடுக்கும். தென்னையின் வேரடர்த்தி மின்தடை அளவையும் குழப்பும். தரிசாக உள்ள தென்பாதியை 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து வேலையைத் தொடங்குங்கள். நீங்களும் காலணியில் ஆணி, இடுப்பில் பெல்ட் கொக்கி, சட்டைப்பையில் கைப்பேசி எதுவும் இல்லாமல் நடக்க வேண்டும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். படத்தில் வரிவரியாகக் கோடு விழுந்த பிறகுதான் சிரிப்பு நிற்கிறது.

பதில் 5 – அலைநீளம்

உறைகிணறு உண்டு என்றால் நடக்கும் தடங்களின் இடைவெளியை அதுவே தீர்மானிக்க வேண்டும். அதன் விட்டம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு மீட்டர் இடைவெளியில் தடம் போட்டால் கிணறு இரண்டு தடங்களுக்கு நடுவே விழுந்து காணாமல் போகலாம். கண்டாலும் அது வட்டமா கோடா என்று சொல்ல முடியாது. ரேடாருக்கு 25 செ.மீ. இடைவெளியை மேல்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். பரப்பைக் குறைத்தாலும் நெருக்கத்தைக் குறைக்காதீர்கள். ஒரு ஹெக்டேரை அரைகுறையாக அளப்பதைவிட நான்கு சதுரங்களை ஒழுங்காக அளந்த ஆய்வேடு மேலானது.

வாய்க்கால் வெட்டில் ஆழம் அளந்து தெரிந்த அடுக்கு ஒன்று ரேடாரிலும் தெரியுமானால், மேலே நான் சொன்ன வேகத்தை அதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். அதற்காகவே முதல் தடத்தை வாய்க்காலின் விளிம்பை ஒட்டிப் போடுங்கள்.

பதில் 6 – காந்த ஊசி

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். காந்தமானியோடு மின்தடை அளவாய்வையும் அதே சதுரங்களில் செய்யுங்கள். மின்தடைக்குத் திசை ஒரு பொருட்டன்று என்பதால், காந்தப் படம் விழுங்கிய வடக்கு-தெற்குச் சுவர்கள் அதில் வெளிப்பட வாய்ப்புண்டு. இரட்டை முனை அமைப்பில் (இரண்டு மின்முனைகள் தொலைவில் நிலையாக நிற்க, வேறு இரண்டு நகர்ந்து அளக்கும்) நகரும் முனைகள் அரை மீட்டர் இடைவெளியில் இருந்தால், முக்கால் மீட்டர் ஆழம்வரைதான் பயனுள்ள தகவல் கிடைக்கும். வாழ்விட அடுக்கு அதற்குக் கீழே தொடங்குகிறது என்று வாய்க்கால் வெட்டு காட்டினால் முனைகளின் இடைவெளியை ஒரு மீட்டராக்குங்கள். மழைக்குப் பின் நிலம் வடிந்து, முழுதும் காயாத தை, மாசி மாதங்களில் இதை முடித்துவிட்டு, அதே மூலைக்கற்களை அடையாளமாக வைத்துச் சித்திரையில் ரேடாரோடு திரும்பி வாருங்கள். இரண்டு படங்களிலும் ஒரே இடத்தில் விழும் பிறழ்வுகளை ஒரு தாளிலும், ஒன்றில் மட்டும் தெரிபவற்றை வேறொரு தாளிலும் வரையுங்கள். வழிகாட்டும் பேராசிரியர் இரண்டாவது தாளைத்தான் முதலில் கேட்பார்.